எதிர்மனுவுக்குக் கெடு எதிலிருந்து எண்ணுவது? ஹியரிங் தேதியா, மோஷன் போட்ட தேதியா? (வடக்கு கலிஃபோர்னியா ஃபெடரல் கோர்ட்)

தோசைக்கல் · திங்கள், இரவு 10:48

எல்லாருக்கும் வணக்கம். சான் ஹோசே ஃபெடரல் கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் நானே ஒரு சிவில் வழக்குப் போட்டிருக்கிறேன். ஒரு கேட்டரிங் கம்பெனியின் கிச்சனில் இரண்டு வருடம் தோசை மாஸ்டராக இருந்தேன். வாரத்துக்கு 55 மணி, 60 மணி வேலை. 40 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும், ஒரு தடவைகூடத் தரவில்லை. கம்பெனி பேர் இங்கே வேண்டாம்.

405 டாலர் கட்டி மனு போட்டு, சம்மனும் சார்வு ஆகிவிட்டது (முறைப்படி கம்பெனியிடம் சேர்ந்துவிட்டது). போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை எதிர்த்தரப்பு வக்கீல் 'மோஷன் டு டிஸ்மிஸ்', அதாவது வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் விண்ணப்பம், போட்டார். முதல் பக்கத்திலேயே ஹியரிங் தேதி இருக்கிறது. இன்னும் ஆறு வாரம் கழித்து.

லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் அங்கே சொந்தமாக ஒரு வழக்கு நடத்தியவன். ஹியரிங்குக்கு 21 நாளைக்கு முன்னால் எதிர்மனு போட்டால் போதும், நிதானமாக எழுது என்கிறான். அவன் கணக்குப்படி எனக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஆனால் கோர்ட்டிலிருந்து வந்த ஈமெயிலில் 'பதில் கெடு' என்று இந்த வியாழக்கிழமையைப் போட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் தானாகப் போட்ட தேதியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சரிதானே?

---

பானு_பாராலீகல் · திங்கள், இரவு 11:05

சரியில்லை. வியாழக்கிழமைதான். இன்றைக்குத் தூங்கிவிட்டு நாளைக் காலையில் உட்காருங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீசில் பேப்பர் தாக்கல் செய்யும் வேலை. எந்த விதி எங்கே இருக்கிறது என்று காட்டுவேன், உங்கள் வழக்கில் என்ன எழுதுவது என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் கோர்ட்டின் உள்ளூர் விதி, சிவில் லோக்கல் ரூல் 7-3. மோஷன் *தாக்கலான* நாளிலிருந்து 14 நாளுக்குள் எதிர்மனு. எதிர்மனுவுக்கு அவர்கள் பதில் போட அதற்கு மேல் 7 நாள். ஹியரிங் தேதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஹியரிங்கைப் பற்றி 7-2 சொல்வதெல்லாம், மோஷன் போட்டதிலிருந்து குறைந்தது 35 நாள் தள்ளித்தான் தேதி குறிக்க வேண்டும் என்பது மட்டும்தான். வக்கீல்கள் நீதிபதிக்கு எந்த நாள் தோதோ அதைப் பார்த்து இரண்டு மாதம் தள்ளிக்கூடக் குறிப்பார்கள். கெடு நகராது.

உங்கள் தம்பியும் பொய் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் வேறு மாவட்டம், மத்திய கலிஃபோர்னியா. அங்கே லோக்கல் ரூல் 7-9 ஹியரிங் தேதியிலிருந்து பின்னோக்கி 21 நாள் எண்ணும். ஒரே மாநிலம், ஒரே சட்டம், காரில் ஆறு மணி நேரம், கணக்கு தலைகீழ்.

---

ஃப்ரீமாண்ட்_ராஜா · திங்கள், இரவு 11:31

பதற வேண்டாம் தம்பி. தபாலில் வந்த பேப்பருக்கு 3 நாள் கூட்டிக்கொள்ளலாம் என்று ஃபெடரல் விதி 6-லேயே இருக்கிறது. வியாழனோடு 3 கூட்டினால் ஞாயிறு, ஞாயிறு லீவு, ஆக திங்கள். சனி ஞாயிறு முழுசாகக் கையில் இருக்கிறது.

---

பானு_பாராலீகல் · திங்கள், இரவு 11:40

ராஜா சார், எண்ணியது சரி. ஆனால் அது தபாலில் வந்தவருக்கு. தோசைக்கல், உங்களுக்கு ஈமெயிலில் வந்தது என்றால் ஈ-ஃபைலிங்கில் பதிந்திருக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்? அந்த வழியாக வந்ததற்கு 3 நாள் கிடையாது. 7-3 விதியிலேயே அதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

---

தோசைக்கல் · திங்கள், இரவு 11:44

ஆமாம் அக்கா, பதிந்திருக்கிறேன். மோஷன் வந்தது ஈமெயிலில்தான். வயிற்றைக் கலக்குகிறது.

---

கடைசிபெஞ்ச் · செவ்வாய், காலை 6:20

எனக்கு வழக்கு எதுவும் இல்லை, சும்மா படிக்கிறவன். ஒரு சந்தேகம். ஃபெடரல் கோர்ட் என்றால் நாடு முழுக்க ஒரே கோர்ட்தானே? 1938-லிருந்து ஒரே சிவில் நடைமுறை விதிகள் என்று படித்தேன். அப்புறம் எதற்கு ஊருக்கு ஒரு விதி?

---

வைகைக்கரை_வக்கீல் · செவ்வாய், காலை 7:02

மதுரையில் முப்பது வருடமாகச் சிவில் பக்கம் இருக்கிறேன். மகள் சாக்ரமெண்டோவில், அதனால் அந்த ஊர்க் கோர்ட் விதிகளைப் பொழுதுபோக்காகப் படிப்பதுண்டு.

தம்பி கேட்டது நல்ல கேள்வி. அங்கே மொத்தம் 94 ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்கள். தேசிய விதிகளின் 83-ஆவது விதி, ஒவ்வொரு மாவட்டத்தின் நீதிபதிகளும் பெரும்பான்மையாகக் கூடித் தங்களுக்கென உள்ளூர் விதி போட்டுக்கொள்ளலாம் என்கிறது. மூன்று கடிவாளம் உண்டு. தேசிய விதிக்கு முரணாக இருக்கக் கூடாது, அதையே திரும்பச் சொல்லவும் கூடாது, விதி போடுமுன் பொதுமக்களுக்கு அறிவித்துக் கருத்துச் சொல்ல அவகாசம் தர வேண்டும்.

நம்மூரில் இதற்கு நேர் மாறு. சிவில் நடைமுறைச் சட்டம் 1908-இன் 122-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம் முதல் அட்டவணை விதிகளையே மாற்றலாம், நீக்கலாம். அங்கே மாவட்டக் கோர்ட்டால் தேசிய விதியில் ஒரு கமாவைக்கூடத் தொட முடியாது. தேசிய விதி விட்டுவைத்த இடைவெளியில்தான் உள்ளூர் விதி குடியேறும். மோஷனுக்கு எத்தனை நாளில் பதில், எத்தனை பக்கம் என்று தேசிய விதி பெரும்பாலும் சொல்வதில்லை. அந்தக் காலி மனையில் 94 பேர் 94 வீடு கட்டினார்கள்.

அந்த அவகாசக் கடிவாளம் பேருக்கு என்று நினைக்காதீர்கள். 2010 ஜனவரியில் இதே வடக்கு கலிஃபோர்னியாக் கோர்ட், ஒருபாலினத் திருமணத் தடை வழக்கின் விசாரணையை வேறு கோர்ட் கட்டிடங்களுக்கு ஒளிபரப்புவதற்காகத் தன் 77-3 விதியை அவசரமாகத் திருத்தியது. கருத்துச் சொல்லக் கொடுத்தது சில நாள்தான். உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒளிபரப்பை நிறுத்தியது. வழக்கு எத்தனை பெரியது, நிறுத்திய காரணமோ விதி திருத்திய முறை சரியில்லை என்பது. நடைமுறைப் பக்கம் பிழைப்பவனுக்கு இதைவிட இனிப்பான தீர்ப்பு கிடையாது.

---

ஜெர்சி_மாமி · செவ்வாய், காலை 8:15

நான் நியூயார்க் பக்கம் ஒரு ஆபீசில் இருந்தேன். அங்கே தெற்கு மாவட்டத்தில் 56.1 என்று ஒரு விதி. விசாரணைக்குப் போகாமலே தீர்ப்புக் கேட்கும் மோஷன் போட்டால், தகராறில்லாத உண்மைகளை நம்பர் போட்டுத் தனிப் பட்டியலாகத் தர வேண்டும். எதிராளி ஒவ்வொரு நம்பருக்கும் பதில் எழுதாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். கலிஃபோர்னியாவுக்கு வந்த ஒரு வக்கீல் பையன் வடக்கு மாவட்டத்தில் அதேபோல நாற்பது பக்கப் பட்டியல் தயார் செய்தான். இந்தக் கோர்ட்டில் நீதிபதி கேட்டாலொழிய அந்தப் பட்டியலைத் தாக்கலே செய்யக் கூடாதாம், 56-2. அங்கே கட்டாயம், இங்கே தடை. பாவம், இரண்டு வாரம் போச்சு.

---

தோசைக்கல் · செவ்வாய், காலை 9:30

லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மோஷனை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். அவர்கள் சொல்வது சுருக்கமாக: 'மனுதாரர் பொதுவாக 55–60 மணி என்கிறார், எந்த வாரம் என்று ஒரு வாரத்தைக்கூடக் குறிப்பிடவில்லை, ஆகவே விதி 12(பி)(6)-இன் கீழ் தள்ளுபடி.' 2014-இல் லாண்டர்ஸ் என்று ஒரு தீர்ப்பைக் காட்டியிருக்கிறார்கள்.

என்னிடம் வாரம் வாரியாக இருக்கிறது. டூட்டி ஷீட்டைக் கிச்சன் கதவில் ஒட்டுவார்கள், நான் ஒவ்வொரு ஞாயிறும் போட்டோ எடுத்து மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், எந்த நாள் வீட்டில் இருப்பேன் என்று தெரிவதற்காக. தீபாவளி வாரம் மட்டும் 68 மணி. இதை எதிர்மனுவோடு இணைத்துவிட்டால் முடிந்ததா?

---

பானு_பாராலீகல் · செவ்வாய், காலை 10:10

முடியாது. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

12(பி)(6) மோஷனில் கோர்ட் பார்ப்பது *மனுவில் என்ன எழுதியிருக்கிறது* என்பதை மட்டும்தான். மனுவில் இல்லாததை எதிர்மனுவில் இணைத்தால் பொதுவாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். லாண்டர்ஸ் தீர்ப்பும் நிஜமானதுதான், உங்கள் பகுதியின் ஃபெடரல் மேல்முறையீட்டுக் கோர்ட்டான ஒன்பதாம் சர்க்யூட் கொடுத்தது. 40 மணிக்கு மேல் வேலை பார்த்தும் ஓவர்டைம் வராத ஒரு வாரத்தையாவது மனுவில் காட்ட வேண்டும் என்கிறது. உங்களிடம் நூறு வாரம் இருக்கிறது, மனுவில் ஒன்றுகூட இல்லை.

இதற்குத் தேசிய விதி 15-இல் ஒரு கதவு இருக்கிறது. இப்படி ஒரு மோஷன் சார்வாகி 21 நாளுக்குள், யாருடைய அனுமதியும் கேட்காமல், ஒரே ஒரு முறை மனுவைத் திருத்திப் போடலாம். திருத்திய மனு போட்டால் பழைய மனு செத்தது. செத்த மனுவைத் தாக்கிய மோஷனுக்கும் வேலை இல்லை.

---

ஃப்ரீமாண்ட்_ராஜா · செவ்வாய், காலை 10:22

அதுதானே! 21 நாள் என்று தேசிய விதியே சொல்கிறது. உள்ளூர் விதி தேசிய விதியை மீறக் கூடாது என்று வக்கீல் ஐயாவும் சொல்லிவிட்டார். ஆக 14 நாளை விட்டுவிடலாம், அடுத்த வியாழன் வரைக்கும் நேரம் இருக்கிறது.

---

வைகைக்கரை_வக்கீல் · செவ்வாய், காலை 11:15

ராஜா, என் வாயிலிருந்து எடுத்த வாதத்தை எனக்கே வீசுகிறீர்கள், ரசித்தேன். ஆனால் இரண்டும் மோதவில்லை. ஒன்று மனுவைத் திருத்தும் உரிமைக்குக் கெடு, மற்றது மோஷனுக்குப் பதில் சொல்லும் கடமைக்குக் கெடு. 21-ஆம் நாள் வரை திருத்தும் உரிமை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் 14-ஆம் நாள் தாண்டியும் எதிர்மனு இல்லை, திருத்திய மனுவும் இல்லை என்றால், நீதிபதியின் மேசையில் பதில் சொல்லப்படாத மோஷன் ஒன்று கிடக்கும்.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1995-இல் கஸாலி எதிர் மோரன். நெவாடாவில் வக்கீல் இல்லாமல் வழக்காடிய ஒருவர், தள்ளுபடி மோஷனுக்கு எதிர்மனு போடவில்லை. பதில் போடாவிட்டால் சம்மதித்ததாகக் கொள்ளலாம் என்பது அந்த ஊர் உள்ளூர் விதி. வழக்கு தள்ளுபடி. மேல்முறையீட்டில் அதே ஒன்பதாம் சர்க்யூட், வக்கீல் இல்லாதவரும் விதிக்குக் கட்டுப்பட்டவரே என்று சொல்லி அதை உறுதி செய்தது.

பல நீதிபதிகள் உடனே தள்ளுபடி செய்ய மாட்டார்கள், ஏன் பதில் இல்லை என்று காரணம் கேட்டு ஒரு உத்தரவு போடுவார்கள். ஆனாலும் அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்? ஏழு நாளை வாதாடி வாங்குவதைவிட வியாழனுக்குள் போட்டுவிடுவது எளிது.

---

பானு_பாராலீகல் · செவ்வாய், மதியம் 12:03

நேரம் போதாது என்றால் இன்னொரு வழி, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஈமெயில் போட்டு ஒரு வாரம் கேட்பது. பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், நாளை அவர்களுக்கும் வாய்தா தேவைப்படும். ஆனால் இருவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது. கோர்ட்டில் தாக்கலாக வேண்டிய பேப்பரின் தேதியை மாற்ற உங்கள் கோர்ட்டில் நீதிபதியின் உத்தரவு வேண்டும், 6-1(பி). 6-2-இன்படி கூட்டு விண்ணப்பமும் ஏன் என்று ஒரு டிக்ளரேஷனும் (எழுத்தில் தரும் வாக்குமூலம்) போட வேண்டும்.

டிக்ளரேஷன் என்றதும் நோட்டரியைத் தேடி ஓடாதீர்கள். நம்மூர்ப் பழக்கம் அது. இங்கே 'பொய்யானால் பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்படுவேன்' என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டால் ஃபெடரல் கோர்ட்டில் செல்லும்.

---

தோசைக்கல் · செவ்வாய், மாலை 4:50

திருத்திய மனுவே எழுதுகிறேன். ஆறு வாரத்துக்கு மணிக்கணக்குப் போட்டாகிவிட்டது. இரண்டு கேள்வி.

ஒன்று, மாறிய பாராவை மட்டும் எழுதி 'மற்றவை முதல் மனுவில் உள்ளபடி' என்று போடலாமா? இரண்டு, முதல் மனுவைக் கோர்ட் கொடுத்த ஃபாரத்தில் கையால் நிரப்பினேன். இப்போது டைப் செய்கிறேன். அவர்கள் மோஷனில் இடது ஓரத்தில் 1 முதல் 28 வரை நம்பர் இருக்கிறது. அது எதற்கு? அது இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

---

பானு_பாராலீகல் · செவ்வாய், மாலை 5:25

ஒன்று: கூடாது. 10-1. திருத்திய மனு முழுசாக, தனித்து நிற்க வேண்டும். பழைய மனுவைப் பார்க்கச் சொல்லக் கூடாது. விட்டுப்போன பாரா விட்டுப்போனதுதான்.

இரண்டு: அது பிளீடிங் பேப்பர், 3-4. பக்கத்துக்கு 28 வரிக்கு மேல் போகக் கூடாது, இரட்டை இடைவெளி, 12 பாயிண்ட் எழுத்து, இடது ஓரத்தில் வரி எண். முதல் பக்கத்தில் முதல் வரியில் தொடங்கி உங்கள் பெயர், முகவரி, போன், ஈமெயில். எட்டாவது வரியில் கோர்ட்டின் பெயர். அதற்குக் கீழே இடப்பக்கம் கட்சிக்காரர்கள் பெயர், வலப்பக்கம் கேஸ் நம்பர், மனுவின் தலைப்பு. வரி எண் எதற்கு என்றால், '4-ஆம் பக்கம் 17-ஆம் வரி' என்று ஹியரிங்கில் விரல் வைத்துக் காட்ட. வேர்டில் இதற்கு டெம்ப்ளேட் கிடைக்கும். நான் முதன்முதலில் செய்தபோது எண் ஒரு பக்கம், வரி ஒரு பக்கம் என்று படிக்கட்டு மாதிரி இறங்கியது. இரட்டை இடைவெளியை 'சரியாக 24 பாயிண்ட்' என்று வைத்தால் எண்ணும் வரியும் ஒட்டிக்கொள்ளும்.

வடிவம் தப்பினால் பயப்பட வேண்டாம். தேசிய விதி 5, வடிவக் குறையை மட்டும் காரணம் காட்டிக் கிளார்க் பேப்பரை வாங்க மறுக்கக் கூடாது என்கிறது. 83-ஆவது விதியும், வேண்டுமென்றே செய்யாத வடிவத் தவறுக்காக ஒருவர் உரிமையை இழக்கும்படி உள்ளூர் விதியைப் பிரயோகிக்கக் கூடாது என்கிறது. ஆனால் கெடு என்பது வடிவம் இல்லை. அந்த மன்னிப்பு அதற்குக் கிடையாது.

---

வைகைக்கரை_வக்கீல் · செவ்வாய், இரவு 8:40

ஒன்று விட்டுப்போச்சு. உள்ளூர் விதிக்குக் கீழே இன்னொரு மாடி இருக்கிறது. நீதிபதியின் ஸ்டாண்டிங் ஆர்டர், அதாவது தன்னிடம் வரும் வழக்குகளுக்கென்று அவர் போட்டுவைத்திருக்கும் நிலையான உத்தரவு. உங்கள் கேஸ் நம்பரின் கடைசியில் நிற்கும் ஆங்கில எழுத்துகள் நீதிபதியின் பெயர்ச் சுருக்கம். கோர்ட் இணையதளத்தில் அவர் பக்கத்தைத் திறந்தால் கிடைக்கும். 7-3 எதிர்மனுவுக்கு 25 பக்கம் தருகிறது, சில நீதிபதிகள் அதை 15 ஆக வெட்டிவிடுவார்கள். வேறு சிலர் ஹியரிங்கை எந்தக் கிழமையில் வைப்பது என்பதுவரை எழுதியிருப்பார்கள். கண்ணில் படாத ஆர்டருக்காகத் தண்டிக்கக் கூடாது என்று 83(பி) சொல்வது உண்மை, ஆனால் வழக்குத் தொடங்கும்போதே அதன் நகலை உங்களுக்கு அனுப்பியிருந்தால் அந்தச் சாக்கும் போச்சு. முதல் நாள் வந்த பேப்பர்க் கட்டைத் தேடிப் பாருங்கள்.

---

தோசைக்கல் · செவ்வாய், இரவு 9:15

இருக்கிறது ஐயா. சம்மனோடு வந்த கட்டில், மூன்றாவது பேப்பர். திறக்கவே இல்லை. 'திருத்திய மனுவோடு, மாற்றங்களைக் கோடிட்டுக் காட்டும் நகலையும் இணைக்க வேண்டும்' என்று போட்டிருக்கிறார். நல்ல வேளை.

---

கடைசிபெஞ்ச் · செவ்வாய், இரவு 9:20

சும்மா படிக்க வந்த எனக்கே வியர்க்கிறது.

---

பானு_பாராலீகல் · புதன், காலை 7:45

போடுமுன் இரண்டு சின்ன விஷயம். டூட்டி ஷீட் போட்டோக்களை இணைத்தால், அதில் சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியட்டும், பிறந்த தேதியில் வருடம் மட்டும். தேசிய விதி 5.2. மறைப்பது உங்கள் பொறுப்பு, கிளார்க் பார்த்துச் சொல்ல மாட்டார். மற்றது, வீடு மாறினால் உடனே கோர்ட்டுக்கு எழுதுங்கள். அனுப்பிய தபால் திரும்பி வந்து 60 நாள் உங்களிடமிருந்து தகவல் இல்லாவிட்டால் வழக்கைத் தள்ளலாம், 3-11.

சான் ஹோசே கோர்ட்டில் வக்கீல் இல்லாதவர்களுக்கு இலவச உதவி மையம் இருக்கிறது. அங்கே உண்மையான வக்கீல் பேசுவார். முடிந்தால் இன்றே போன் போடுங்கள்.

---

தோசைக்கல் · புதன், இரவு 11:26

போட்டாச்சு. மதியம் உதவி மையத்தில் ஒரு வக்கீல் அம்மா இருபது நிமிடம் பேசினார். ஆறு வாரம் போதும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி, எவ்வளவு சம்பளம் வந்தது என்று தனித்தனிப் பாராவாக எழுது என்றார். தீபாவளி வாரத்தை முதலில் வைத்தேன். 'பெறப்பட்டது' என்று 11:19-க்கு ஈமெயில் வந்தது. வரி எண் இரண்டு பக்கத்தில் இன்னும் படிக்கட்டுதான், அப்படியே விட்டுவிட்டேன்.

---

ஃப்ரீமாண்ட்_ராஜா · வியாழன், காலை 6:05

நல்லது தம்பி. என் கணக்கைக் கேட்காததற்கு நன்றி :)

---

தோசைக்கல் · நான்கு வாரம் கழித்து

கேட்டவர்களுக்காக. திருத்திய மனு வந்துவிட்டதால் மோஷன் செல்லாது என்று நீதிபதி இரண்டு வரியில் உத்தரவு போட்டார், ஹியரிங்கும் ரத்து. கம்பெனி இந்த முறை மோஷன் போடவில்லை, 14 நாளில் பதிலுரை போட்டுவிட்டது. ஒவ்வொரு பாராவுக்கும் 'மறுக்கிறோம்', 'மறுக்கிறோம்'. டூட்டி ஷீட் பாராவுக்கு மட்டும் 'ஆவணம் தனக்காகத் தானே பேசும்' என்று எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து எதிர்த்தரப்பு வக்கீலோடு சேர்ந்து கூட்டாக ஒரு அறிக்கை எழுத வேண்டுமாம், 16-9. அதற்குத் தனித் திரி தொடங்குகிறேன்.

சித்தப்பா மகனிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். 'எங்க ஊர்ல 21 நாள்தான்டா' என்று இன்னும் அதையே சொல்கிறான். அவன் ஊரில் அது சரிதான்.